இல்லம் நீங்காத முதுமை: ஊன்றுகோல் முதல் உணர்கருவி வரை

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ உள்ள ஒரு பழைய வீட்டை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். மழைநீர் உள்ளே புகாதிருக்கத் தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வாயிலில் மூன்று படிகள். பற்றிக்கொள்ளக் கைப்பிடி இல்லை. உள்ளே எண்பதை நெருங்கும் ஓர் அம்மையார். அவர் தாமே சமைப்பார். நீரைத் துணியிட்டு வடிகட்டுவார். காலையில் நூல் வாசிப்பார். அந்த மூன்று படிகளை மட்டும் அவரால் துணையின்றி இறங்க இயலாது. முதலில் கடைக்குச் செல்வது நின்றது. பிறகு ஜினாலயம் செல்வது நின்றது. நடை குறைந்ததால் கால் தளர்ந்தது. கால் தளர்ந்ததால் ஒருநாள் குளியலறையில் விழுந்தார். மறுவாரமே வெளியூரிலிருந்து வந்த மக்கள், "அம்மா இனித் தனியே இருக்க வேண்டாம்" என்று முடிவு செய்தார்கள். நாற்பது ஆண்டு வாழ்ந்த வீடு பூட்டப்பட்டது.

இது கற்பனை வீடுதான். ஆனால் இதைப் போன்ற வீட்டை அறியாதார் இந்த அரங்கில் அரியர். அந்த அம்மையாரை வீட்டிலிருந்து வெளியேற்றியது எது? வயதா? அவ்வயதிலும் சமைக்கவும் படிக்கவும் வல்லவராயிருந்தாரே! சில ஆயிரம் ரூபாய்ச் செலவில், ஒரு கொத்தனாரும் ஒரு பற்றவைப்பவரும் ஒரே நாளில் பொருத்தித் தரக்கூடிய ஒரு கைப்பிடி இல்லாமையே அவரை வெளியேற்றியது. இவ்வுரையின் பொருள் இதுவே.

பெருகிவரும் முதுமை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர். 2021-இல் இது 13.6 விழுக்காடு என்றும், 2031-இல் 18.2 விழுக்காடு ஆகும் என்றும் மத்திய அரசின் கணிப்பு கூறுகிறது. அஃதாவது, ஐந்தரைப் பேருக்கு ஒருவர் முதியவராக இருக்கும் காலம் அண்மையில் உள்ளது. பிள்ளைகளோ பெங்களூரிலும் புணேயிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணிபுரிகின்றனர்.

தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு கவலையும் உண்டு. சூரியன் மறையுமுன் உண்பது, கிழங்கு வகைகளை விலக்குவது, நீரை வடிகட்டிப் பருகுவது ஆகிய ஒழுக்கங்களை வாழ்நாள் முழுதும் பேணியவர், இரவு எட்டு மணிக்கு உணவு பரிமாறும் பொது முதியோர் இல்லத்தில் எங்ஙனம் வாழ்வார்? அவருக்குத் தம் வீட்டில் வாழ்வது வசதி சார்ந்தது மட்டுமன்று. மேற்கொண்ட விரதங்களைக் காக்கும் வழியும் அதுவே. ஆகலின், முதியோரைத் தம் இல்லத்தில் இயன்றவரை தாமே வாழச் செய்யும் கருவிகளைப் பற்றி அறிவது இச்சமூகத்திற்கு இன்றியமையாததாகிறது.

துணைக்கருவி என்பது யாது?

துணைக்கருவி என்றவுடன் விலையுயர்ந்த இயந்திரங்களையே பலர் எண்ணுகின்றனர். மூக்குக்கண்ணாடியும் ஊன்றுகோலும் துணைக்கருவிகளே. உலக நலவாழ்வு நிறுவனம் 2016-இல் இன்றியமையாத துணைக்கருவிகள் எனப் பட்டியலிட்டவை ஐம்பது. சக்கர நாற்காலி, செவித்துணைக் கருவி ஆகியவற்றோடு கைப்பிடிகளும் மாத்திரைப் பெட்டியும் அதில் உண்டு. அந்நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கு மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு துணைக்கருவி தேவை என்றும், அவர்களில் நூறு கோடிப் பேர் அளவில் அதைப் பெற இயலாதிருக்கின்றனர் என்றும் கூறுகிறது.

கருவி மனிதருக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ள வேண்டும். மனிதர் கருவிக்காகத் தம் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் நிலை வரலாகாது. இதற்கு இந்திய நாடு தந்த சிறந்த சான்று ஜெய்ப்பூர் கால். மேல்நாட்டுச் செயற்கைக் கால் காலணி அணிவோருக்காக அமைந்தது. அதை அணிந்தவர் வெறுங்காலுடன் கோயிலுக்குள் நடக்கவோ, சம்மணமிட்டு அமரவோ, குந்தவோ இயலாது. கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் ரப்பரைக் கொண்டு இவையனைத்தும் செய்யவல்ல காலை உருவாக்கினர். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. அக்காலை ஏழைகளுக்கு விலையின்றி வழங்குவதற்காக டி.ஆர். மேத்தா 1975-இல் தொடங்கிய அமைப்பு பகவான் மகாவீரரின் பெயரையே தாங்கியுள்ளது. இந்நாட்டு மக்கள் எங்ஙனம் நடப்பர், எங்ஙனம் அமர்வர் என்பதை முதலில் கண்டு, பின்னர்க் கருவியைச் செய்தனர். முதியோருக்கான எல்லாக் கருவிகளுக்கும் இதுவே நெறி.

ஊன்றுகோலும் படியும் குளியலறையும்

எளியவற்றிலிருந்தே தொடங்குவது நன்று. கடையில் கிடைத்த ஊன்றுகோலை வாங்கி வந்து பெரியவர் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். அதற்கும் அளவு உண்டு. வழக்கமாக அணியும் காலணியுடன் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு எவ்வுயரத்தில் உள்ளதோ அவ்வுயரத்தில் கோலின் பிடி இருத்தல் வேண்டும். உயரம் மிகுந்தால் தோள் வலிக்கும். குறைந்தால் முதுகு கூனும். வலக்கால் நோயுற்றிருந்தால் இடக்கையில் ஊன்ற வேண்டும். நோயுற்ற கால் தரையில் படும்போது எதிர்ப்பக்கக் கோல் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். பலர் நோயுற்ற பக்கத்திலேயே ஊன்றுகின்றனர். அதனால் பயன் குறையும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது நோயுற்ற காலும் கோலும் முன்னே. அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தவுடன் மாற்ற வேண்டும். குடையை ஊன்றுகோலாகக் கொள்வது விழுவதற்கு வழி.

அடுத்து, படி. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்திற்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. ஓர் அங்குல உயரத்திற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் மொத்த உயரம் ஒன்றரை அடி. சாய்தளமோ பதினெட்டு அடி நீள வேண்டும். வட சென்னையின் குறுகிய தெருக்களில் அவ்வளவு இடம் ஏது? இடமில்லை என்று செங்குத்தான சாய்தளம் கட்டினால் அது படியைவிடக் கேடு பயக்கும். அங்கே இருபுறமும் கைப்பிடி அமைத்து, ஒவ்வொரு படிக்கும் இடையே மூன்று அங்குல உயரத்தில் ஓர் அரைப்படி சேர்ப்பது தக்க வழி. கைப்பிடி கடைசிப் படியோடு நின்றுவிடாமல் ஓரடி நீண்டிருக்க வேண்டும். கடைசி அடி வைக்கும்போதுதான் தடுமாற்றம் மிகுதி. படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டினால் மங்கிய கண்ணுக்கும் அது தெரியும். அறுபது வயதுடையவரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதுடையவருக்குக் கிட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பர். மின்கட்டணத்தை எண்ணி மங்கிய விளக்கை மாட்டும் வீடுகள் இதைக் கருதுக.

குளியலறைதான் வீட்டிலேயே அஞ்சத்தக்க இடம். துண்டு போடும் கம்பியைப் பற்றி எழுந்திருக்க முயன்று, கம்பியோடு விழுந்தோர் பலர். கைப்பிடி 33 முதல் 36 அங்குல உயரத்தில், சுவரின் பூச்சில் மட்டும் பதியாமல் செங்கல்வரை செல்லும் திருகாணியால் பொருத்தப்பட வேண்டும். ஓர் ஆள் முழு எடையுடன் தொங்கினாலும் அசையாததே கைப்பிடி. சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய வீடுகளில் சுவரின் உறுதியை முதலில் ஆராய்ந்துகொள்ள வேண்டும். தரையோடு அமைந்த கழிப்பறையை இடிக்க இயலாத வாடகை வீட்டில், அதன் மேல் வைக்கும் கழிப்பறை நாற்காலியே போதும்.

கடற்காற்றும் கருவிகளும்

காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் வாழ்வோர் அறிந்த உண்மை ஒன்று: இங்கே இரும்பு நிலைக்காது. நடைச்சட்டத்தின் மூட்டும் சக்கர நாற்காலியின் அச்சும் உப்புக்காற்றில் துருவேறி, ஒருநாள் சொல்லாமல் முறியும். ஆகவே கைப்பிடிக்குத் துருப்பிடிக்காத எஃகும், நடைச்சட்டத்திற்கு அலுமினியமும் தக்கவை. எஃகிலும் 316 என்னும் வகை உப்பை மிகுதியும் தாங்கும். திங்களுக்கு ஒருமுறை நன்னீரால் துடைத்து, மூட்டுகளை அசைத்துப் பார்ப்பது நலம்.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் பேரிரைச்சலிடையே முப்பது ஆண்டு உழைத்தோர் பலருக்குச் செவித்திறன் குறைவது இயல்பு. செவித்துணைக் கருவி வாங்கிய பெரியவர்களுள் சிலர் அதை அலமாரியில் வைத்துவிடுகின்றனர். "எல்லாம் இரைச்சலாகக் கேட்கிறது" என்பது அவர்கள் முறையீடு. அக்கருவி அவரவர் செவியின் இழப்புக்கேற்ப அளந்து அமைக்கப்பட வேண்டுவது. ஒருமுறை அமைத்ததோடு நில்லாமல் மீண்டும் மீண்டும் சென்று திருத்திக்கொள்ள வேண்டுவது. இன்றைய எண்முறைக் கருவிகள் சுற்றிலும் உள்ள ஓசையை அளந்து, பேச்சை உயர்த்தி இரைச்சலைத் தாழ்த்திக்கொள்ளும். பல்லாண்டு ஒலியிழந்த மூளை மீண்டும் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுமை தேவை. இரவில் ஈரமுறிஞ்சும் மணிகள் இட்ட டப்பாவில் வைத்தால் கடலோர ஈரத்திலிருந்து அது காக்கப்படும்.

சென்னையில் உருவானவை

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையம் இத்துறையில் நாட்டிற்கே வழிகாட்டுகிறது. சக்கர நாற்காலியிலேயே நாளெல்லாம் அமர்ந்திருப்போருக்குப் படுக்கைப்புண்ணும் எலும்புத் தேய்வும் உண்டாகும். அவர்கள் தாமே நெம்புகோலை இயக்கி எழுந்து நிற்கும்படியான 'அரைஸ்' என்னும் நாற்காலியை அம்மையம் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 2019-இல் வெளியிட்டது. அதன் விலை ஏறக்குறைய ரூ. 15,000 என அறிவிக்கப்பட்டது. அங்கிருந்தே தோன்றிய நியோமோஷன் நிறுவனம், அமர்வோரின் உடலளவுக்கேற்ப அமைக்கப்படும் 'நியோஃபிளை' நாற்காலியையும், அதன் முன்னே இணைத்தால் சாலையில் செல்லும் மின்வண்டியாக மாற்றும் 'நியோபோல்ட்' கருவியையும் தந்தது.

வாங்குமுன் கருவிகளைக் கண்ணால் காண விரும்புவோருக்கு மெரினாக் கடற்கரைச் சாலையில், மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரக வளாகத்தில் 2022-இல் திறக்கப்பட்ட 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' என்னும் காட்சியகம் உண்டு. ஒரு வீட்டைப் போன்றே அடுக்களை, படுக்கையறை, குளியலறை ஆகியவற்றில் எக்கருவி எங்கே எவ்வாறு பயன்படும் என்பதை அங்குக் கண்டறியலாம். பெற்றோரை அழைத்துச் சென்று, அவர்களே தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி செய்தல் நன்று. மக்கள் தாமே தேர்ந்து வாங்கி வந்த கருவி மூலையில் கிடப்பதும், பெரியவர் தாமே தேர்ந்தது நாளும் கைக்கொள்ளப்படுவதும் எங்கும் காணும் உண்மை.

உணரும் கருவிகளும் அவற்றின் எல்லையும்

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் விளக்கு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே இரண்டு பொருத்தினால் நள்ளிரவில் பொத்தானைத் தேடித் தடுமாற வேண்டுவதில்லை. வயதேற முகரும் திறன் குறையும்; அடுப்பு எரிவாயு கசிவது மூக்குக்குத் தெரியாமற் போகலாம். கசிவுணர் கருவி அதை ஒலியெழுப்பி அறிவிக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஆகையால் அக்கருவியைத் தரையை ஒட்டியே பொருத்த வேண்டும். கூரையருகே மாட்டினால் பயன் இல்லை.

கைப்பேசியில் தமிழில் பேசினாலே எழுத்தாகும் வசதி 2017-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நடுங்கும் விரலால் தட்டச்சு செய்ய வேண்டுவதில்லை. எழுத்தைப் பெரிதாக்கலாம், செய்தியை வாசிக்கச் செய்து கேட்கலாம், மருந்து வேளையையும், சூரியன் மறையுமுன் உணவு கொள்ளும் நேரத்தையும் நினைவூட்டச் செய்யலாம்.

விழுந்தால் தானே உணர்ந்து மக்களுக்கு அழைப்பு விடுக்கும் கைக்கடிகாரங்களும் உள்ளன. திடீரென வேகமாக விழுவதை அவை உணரும். சுவரைப் பற்றியபடி மெல்லச் சரிவதை உணராமற் போகலாம். குளிக்கும்போது கழற்றி வைத்தால், விழக்கூடிய இடத்திலேயே அது துணை நில்லாது. எல்லாவற்றிற்கும் மேலாக, அழைப்பு வந்தவுடன் பத்து நிமிடத்தில் கதவைத் தட்ட ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் ஒலிக்கும் கைப்பேசி திருவொற்றியூரில் விழுந்தவரைத் தூக்கிவிடாது. சாவி ஒன்று அண்டை வீட்டில் இருந்தால்தான் அக்கடிகாரத்திற்குப் பொருள் உண்டு.

ஒளிப்படக் கருவியைப் பெற்றோரின் அறையில் பொருத்துவோர் அவர்களுடைய இசைவைக் கேட்டுப் பொருத்துதல் வேண்டும். உடல் தளர்ந்தவருக்கும் நாணம் உண்டு. கதவு திறப்பதை மட்டும் அறிவிக்கும் உணர்கருவி போதுமான இடத்தில் படமெடுக்கும் கருவி எதற்கு?

2023 டிசம்பர் தந்த பாடம்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. அத்திங்கள் முடிவதற்குள், 26-ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் தாக்க, மக்கள் இருளில் வீடுகளை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அவ்விரவில் ஓட இயலாதவர் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் காற்று மெத்தையும், ஆக்சிஜன் செறிவூட்டியும், மின்னேற்றம் வேண்டும் நாற்காலியும் மின்சாரம் நின்றவுடன் வெறும் பொருள்களே. ஆகவே மின்கருவி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு மாற்றாகக் கையால் இயங்கும் ஒன்று இருக்க வேண்டும். சக்கர நாற்காலி கட்டிலருகே இருக்க வேண்டும், மொட்டைமாடியில் அன்று. மருந்தும் மருத்துவச் சீட்டும் மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியின் மின்கலமும் ஒரே பையில், கைக்கெட்டும் உயரத்தில் தொங்க வேண்டும். அந்தப் பெரியவரைத் தூக்கிச் செல்லும் இருவர் யாவர் என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

பெறும் வழிகள்

மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. 60 வயது நிரம்பிய, வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள அல்லது மாத வருமானம் ரூ. 15,000-க்கு மேற்படாத முதியோருக்கு ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி, செவிக்கருவி, மூக்குக்கண்ணாடி, செயற்கைப் பல்வரிசை ஆகியவை முகாம்கள் வழியே விலையின்றி வழங்கப்படுகின்றன. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறைப் பயிற்சியும் வலிநீக்கும் பராமரிப்பும் வீட்டிற்கே வருகின்றன. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் உள்ளன. முதியோருக்கான உதவி எண் 14567. இவற்றை நாடுவதில் கூச்சம் வேண்டா.

அறக்கட்டளை ஆற்றக்கூடிய பணி

சமணம் அகத்தவங்களுள் ஒன்றாக வையாவிருத்தியத்தை வைத்துள்ளது. நோயுற்ற, முதிர்ந்த துறவியர்க்குச் செய்யும் தொண்டு அது. இல்லறத்து முதியோருக்கும் அவ்வுணர்வை நீட்டிக்க மூன்று பணிகள் போதும்.

ஒன்று, கருவி இரவல் நிலையம். இறந்த பெற்றோரின் சக்கர நாற்காலியும் நடைச்சட்டமும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, பழுதுபார்த்து, தூய்மை செய்து, தேவைப்படுவோருக்குக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். இடுப்பெலும்பு முறிந்து தேறுபவருக்கு நடைச்சட்டம் சில திங்கள்களுக்குத்தான் தேவை. அதற்காக ஒவ்வொரு குடும்பமும் புதிதாக வாங்குவது வீண்.

இரண்டு, கைப்பிடி நாள். ஆண்டுக்கு ஒருநாள், இளைஞர்கள் ஒரு கொத்தனாருடன் முதியோர் வாழும் வீடுகளுக்குச் சென்று, குளியலறையிலும் வாயிலிலும் கைப்பிடி பொருத்தித் தரலாம். விழாவிற்கு அலங்கார வளைவு அமைக்கும் செலவில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

மூன்று, பெயர்ப்பட்டியல். எந்தத் தெருவில், எந்த மாடியில், தனித்து வாழும் பெரியவர் எவர், அவருக்கு அருகிலுள்ள குடும்பம் எது, சாவி எவரிடம் என்னும் குறிப்பு, அவரவர் இசைவோடு, அறக்கட்டளையில் இருக்க வேண்டும். அடுத்த புயலுக்கு முன்னர் அது நிறைவுறுதல் வேண்டும்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. நிலையந்தோறும் மின்தூக்கி உண்டு. நடையிழந்தவரும் அதில் ஏறி நகரின் மறுகோடிவரை செல்லலாம். ஆனால் அந்நிலையத்தை அடைய முதலில் தம் வீட்டு வாயிலின் மூன்று படிகளை இறங்க வேண்டுமே! அரசு தன் பங்கைச் செய்துள்ளது. அந்த மூன்று படிகள் குடும்பத்தின் பங்கு.

இன்று வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் தம் பெற்றோரின் வாயிலில் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். இருட்டிய பின், மூக்குக்கண்ணாடி இன்றி, ஒரு கையில் பையுடன் அப்படிகளை இறங்கிப் பார்க்க வேண்டும். பற்றிக்கொள்ள எதையேனும் கை தேடுமாயின், அவ்விடத்தில்தான் கைப்பிடி அமைதல் வேண்டும்.